அழுத்தம் கொடுத்தால் மதம் மாறுமா?

‘கிறிஸ்தவ மதத்தைத் தழுவும்படி அவருக்கு அழுத்தம் கொடுக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது.’ இந்த வாக்கியம் இல்லாமல் செய்தி வாசிப்பு நடப்பதே அரிதாகிவிட்டது. ஊர் மாறும், ஆள் மாறுவார், வாக்கியம் மாறாது. இப்படி ஒரு வரியை நம்பி ஒருவர் மேல் வழக்குப் பதிவாகலாம், ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குள் ஆட்கள் புகுந்து அடிக்கலாம். அவ்வளவு கனமான வரியில் என்ன நடந்தது என்று சொல்லும் சொல் ஒன்றுகூட இல்லை.

அழுந்து தன்வினை, அழுத்து பிறவினை, அதிலிருந்து அழுத்தம். சேற்றில் கால் அழுந்துகிறது, மையில் விரலை அழுத்துகிறோம். இரத்த அழுத்தம், காற்றழுத்தத் தாழ்வு எல்லாம் இந்த வழியில் வந்தவை, அவற்றில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மனிதர்களைப் பற்றிப் பேசும்போது தமிழில் அழுத்தம் வேறு பக்கம் போகிறது. ‘ஆள் ரொம்ப அழுத்தம்’ என்றால் மனத்தில் உள்ளதை வெளியே விடாதவர் என்று பொருள். ‘அழுத்தமாகச் சொன்னார்’ என்றால் உறுதியாகச் சொன்னார். ஒருவர் இன்னொருவரைப் பிடிக்காத காரியத்துக்குத் தள்ளுவதை ‘அழுத்தம் கொடுத்தல்’ என்று எந்தக் கிழவியும் சொல்லிக் கேட்டதில்லை. அது ஆங்கிலச் செய்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதும் மேசைகளில் பிறந்தது.

தெருவில் என்ன சொல்கிறார்கள்? ‘போட்டு நச்சரிக்கிறாங்க’, ‘நெருக்குறாங்க’, ‘மிரட்டுறாங்க’, ‘வல்லந்தமா இழுத்துட்டுப் போனாங்க’. நான்கும் நான்கு காரியங்கள். பக்கத்து வீட்டு அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் கதவைத் தட்டி ‘ஒரு தடவை சபைக்கு வந்து பாரு’ என்று கூப்பிட்டால் அது நச்சரிப்பு. எரிச்சல் வரும், குற்றம் ஆகாது. வராவிட்டால் வேலையை விட்டு எடுத்துவிடுவேன் என்று முதலாளி சொன்னால் மிரட்டல். கட்டிய கணவனோ மாமியாரோ நாள்தோறும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் அது நெருக்குதல். அழுத்தம் என்ற ஒரே மூடியை எல்லாப் பானைக்கும் போட்டுவிட்டால் உள்ளே இருப்பது எது என்று யாருக்குத் தெரியும்? சட்டம் தண்டிக்க வேண்டியதும் தண்டிக்கக் கூடாததும் ஒன்றாகிவிடுகின்றன.

அழுத்தம் நல்ல தமிழ், நிர்ப்பந்தமும் பலவந்தமும் வடசொல், ஆகவே அழுத்தமே இருக்கட்டும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. தனித்தமிழ்மேல் எனக்கும் பற்று உண்டு. ஆனால் வேர் தமிழாக இருந்தால் மட்டும் போதாது, சொல் நிற்கும் விதமும் தமிழாக இருக்க வேண்டும். ‘அழுத்தம் கொடு’ என்பது வேற்றுமொழிப் பேச்சுக்குத் தமிழ் எழுத்தில் போட்ட சட்டை. தனித்தமிழ்தான் வேண்டும் என்றால் நெருக்குதல் இருக்கிறது, மிரட்டல், அச்சுறுத்தல், வலிந்து இழுத்தல் இருக்கின்றன. இருப்பதை விட்டுவிட்டு எதற்கு இது?

வற்புறுத்தல் பற்றியும் சொல்ல வேண்டும். வற்பு என்றால் வலிமை. குறுந்தொகை 66ஆம் பாட்டில் கொன்றை பூத்ததைக் கண்டு, சொன்ன காலத்தில் தலைவன் வரவில்லையே என்று தலைவி கலங்குகிறாள். ‘இது கார்காலமே இல்லை, கொன்றைதான் ஏமாந்து பூத்துவிட்டது’ என்று தோழி தேற்றுகிறாள். இப்படித் தேற்றுவதைத்தான் பாட்டின் சூழலைச் சொல்லும் துறைக்குறிப்புகள் வற்புறுத்தல் என்கின்றன. தளர்ந்த மனத்துக்கு வலு ஊட்டிய சொல் இன்று வாயால் செய்யும் நெருக்கடியைக் குறிக்கிறது. பொருள் நகர்ந்தாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது: வற்புறுத்தலில் பேச்சு உண்டு, எதிராளி மறுக்க இடமும் உண்டு. கையை முறுக்குவதை வற்புறுத்தல் என்று எழுதுவது பிழை.

அடுத்து, கட்டாயம். ‘கட்டாய மதமாற்றம்’ என்ற தொடர் தமிழ்நாட்டில் 2002இல் வந்த சட்டத்தோடு எல்லார் வாயிலும் ஏறியது. சட்டத்தை 2004இல் அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது, தொடர் மட்டும் தங்கிவிட்டது. பலவந்தம், ஆசைகாட்டுதல், மோசடி ஆகிய மூன்று வழிகளில் மதம் மாற்றுவதை அந்தச் சட்டம் தடை செய்தது. தெய்வம் கோபிக்கும் என்று பயமுறுத்துவதையும், ஊரை விட்டு விலக்குவதாகச் சொல்வதையும்கூட அது பலவந்தத்துக்குள் அடக்கியது. அரிசி மூட்டையைக் காட்டி அழைப்பது ஆசைகாட்டுதல். அதைக் கட்டாயம் என்று தமிழன் எவனும் சொல்ல மாட்டான். ஆனாலும் செய்தியில் மூன்றுக்கும் பெயர் கட்டாயம்தான். அதற்கும் மேலே, பேச்சுத்தமிழில் கட்டாயம் எவ்வளவு இளகிய சொல் என்று பாருங்கள். ‘கல்யாணத்துக்குக் கட்டாயம் வந்துடணும்’ என்றால் அதில் அன்பு இருக்கிறது, அடி இல்லை. உடல் வலிமையைக் காட்டினால் பலவந்தம் என்றே எழுதலாம், அல்லது வலுக்கட்டாயம் எனலாம்.

மதமாற்றம் என்ற சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஓடு, ஓட்டம் ஆவதுபோல் மாறு, மாற்றம் ஆகிறது. இலக்கணப்படி அது தானாக மாறுவது. காதில் விழும்போது மாற்று என்ற பிறவினையாகவும் கேட்கிறது. மாறினாரா, மாற்றினார்களா என்பதுதானே கேள்வியே? ஸ்டானிஸ்லாஸ் என்ற பாதிரியார் மத்தியப் பிரதேச அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: அரசமைப்பின் 25ஆம் பிரிவு தன் மதத்தை எடுத்துச் சொல்லிப் பரப்ப உரிமை தருகிறது, இன்னொருவரைத் தன் மதத்துக்கு மாற்றும் உரிமையைத் தரவில்லை. அந்தத் தீர்ப்போடு உடன்படாதவர்கள் பலர், அது வேறு விவாதம். மாறும் உரிமை, மாற்றும் உரிமை என்று ஒரே ஒற்றெழுத்தில் பிரித்துக் காட்டத் தமிழுக்கு முடியும்போது, ‘மதமாற்ற உரிமை’ என்று எழுதி இரண்டையும் குழப்புகிறார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

‘தழுவும்படி’ இன்னும் மோசம். தழுவுதல் கை நீட்டிச் செய்யும் காரியம். அம்பேத்கர் 1956இல் பௌத்தம் தழுவினார் என்றால் சரி, அவர் ஆண்டுக்கணக்கில் யோசித்துத் தானே எடுத்த முடிவு அது. மிரட்டித் தழுவவைக்க முடியாது. மிரண்டவன் இணங்குகிறான், அவ்வளவுதான்.

இணங்குவதற்கும் நம்புவதற்கும் உள்ள இடைவெளியைத் திருச்சபையே நூற்றாண்டுக்கணக்கில் அளந்து பார்த்திருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிராங்கு அரசன் சார்லமேன் சாக்சன் மக்களை வென்று, ஞானஸ்நானம் பெற மறுத்து ஒளிந்திருப்பவனுக்கு மரண தண்டனை என்று சட்டம் போட்டான். இது பலவந்தம், வேறு பேச்சில்லை. அவன் அவையில் இருந்த அறிஞர் அல்குயின் 796இல் கடிதம் எழுதி இதைக் கண்டித்தார்: மனிதனை விசுவாசத்துக்கு ஈர்க்கலாம், நெருக்கித் தள்ள முடியாது என்று. பின்னர் 1201இல் போப் மூன்றாம் இன்னொசன்ட் ஒரு கோடு கிழித்தார். கடைசிவரை ‘வேண்டாம்’ என்று மறுத்தவன்மேல் தண்ணீர் ஊற்றினால் அது ஞானஸ்நானமே அல்ல, ஆனால் அடிக்குப் பயந்து வாயளவில் சம்மதித்தவன் கிறிஸ்தவன்தான், அவன் அதைக் கைக்கொள்ள வேண்டும் என்றார். அந்த இரண்டாம் பாதி எத்தனையோ யூதக் குடும்பங்களைத் திரும்ப முடியாத இடத்தில் அடைத்துவிட்டது. எந்த மனிதனையும் அவன் மனச்சான்றுக்கு எதிராக நடக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல்தான் தெளிவாக அறிவித்தது.

நிர்ப்பந்தம் என்ற சொல்லுக்கு யாழ்ப்பாணத்தைப் பார்க்கலாம். 1658இல் டச்சுக்காரர் கைக்கு வந்தபின் அங்கே கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. அரச உத்தியோகம் வேண்டும் என்றால் டச்சுக்காரரின் புராட்டஸ்டண்டு சபையான சீர்திருத்தச் சபையின் ஞானஸ்நானம் வேண்டும். திருமணமும் ஞானஸ்நானமும் பள்ளிக்கூடத் தோம்பில், அதாவது பதிவேட்டில், பதிவாக வேண்டும். யாரும் கத்தியைக் கழுத்தில் வைக்கவில்லை, ஆனால் மற்ற வழிகளை அடைத்துவிட்டார்கள். பதிவேட்டில் கிறிஸ்தவர்கள் பெருகினார்கள். 1790களின் நடுவில் ஆங்கிலேயர் வந்து அந்த நிர்ப்பந்தம் நீங்கியதும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் சைவத்துக்கோ கத்தோலிக்கத்துக்கோ வெளிப்படையாகவே திரும்பிவிட்டார்கள். பெயர் எழுதப்பட்டிருந்தது, நம்பிக்கை எழுதப்படவில்லை. ஒருவரை நெருக்கிக் கிறிஸ்தவர் ஆக்க முடியுமா என்று கேட்டால் என் விடை இதுதான்: பெயரையும் பதிவையும் ஞாயிற்றுக்கிழமை வருகையையும் வாங்க முடியும், விசுவாசத்தை வாங்க முடியாது. தமிழில் நம்பு என்பதற்குப் பிறவினை நம்பவைத்தல். அதற்கு என்ன வாடை என்று ‘நம்பவைத்துக் கழுத்தறுத்தான்’ என்ற வழக்கே சொல்லும்.

பழைய மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்தக் கூர்மை இருந்தது. லூக்கா 14:23இல் விருந்து வைத்தவன் ஊழியக்காரனிடம், வழியில் இருப்பவர்களை உள்ளே கூட்டிவா என்கிறான். கிரேக்க மூலத்தில் உள்ளது கட்டாயப்படுத்து என்ற சொல். இலத்தீனிலும் அதே முறுக்கு. பிரிந்துபோன சபையாரை அரச தண்டனையால் திருப்பிக் கொண்டுவருவதற்குப் பழங்காலத் திருச்சபை அறிஞர் அகுஸ்தீன் இந்த வசனத்தைத்தான் துணைக்கு அழைத்தார், பின்வந்த பலரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். தமிழ்ப் பழைய வேதாகமத்தில் அந்த இடம் ‘உள்ளே வரும்படி வருந்திக் கூட்டிக்கொண்டுவா’ என்று இருக்கிறது. ‘வருந்தி அழைத்தாலும் வாராத வாரா’ என்று நல்வழியில் ஔவை சொன்ன அதே வருந்துதல். தயங்கி நிற்கும் விருந்தாளியைக் கையைப் பிடித்து, ‘வாங்க, வாங்க’ என்று கெஞ்சி அழைப்பது. விருந்துக்கு அழைக்கும் கதையில் அந்த வினைக்குப் பொருந்தும் தமிழ் அதுதான். வருந்துகிறவன் அழைப்பவன், அழைக்கப்படுபவன் அல்ல. பின்னால் வந்த பெயர்ப்புகளில் வற்புறுத்துதல் என்ற சொல் நுழைந்ததில் எனக்கு வருத்தமே.

ஊர்ப்புறத்துச் சொல்லும் ஒன்று உண்டு. தென்மாவட்டங்களில் பெரியவர்கள் ‘அந்தக் குடும்பம் வேதத்துல சேர்ந்துட்டாங்க’ என்பார்கள், கிறிஸ்தவர் ஆகிவிட்டார்கள் என்று பொருள். சேர்ந்தவர் யார் என்பது அதிலேயே தெளிவு. சேர்த்துவிட்டார்கள் என்றால் வேறு கதை, உடனே ‘யார் சேர்த்தது, எப்படி?’ என்று கேள்வி வரும். செய்தி எழுதுகிறவர் அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தபின் எழுதட்டும். ‘சபைக்கு வராவிட்டால் வேலை இல்லை என்று மேலாளர் மிரட்டியதாக அந்தப் பெண் புகார் கொடுத்திருக்கிறார்’ என்று எழுதினால் பொலிசுக்கும் படிப்பவருக்கும் விஷயம் புரியும், மேலாளருக்கும் மறுக்க ஒரு வழி இருக்கும்.