கத்தி நழுவ எத்தனை கட்டை உருள வேண்டும்?

தேவகோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதிக் கேட்டிருந்தார்: "சார், நாங்க அஞ்சு பேர் சனிக்கிழமை ராத்திரி எங்க அப்பத்தா வீட்டு வளவுல டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறோம். ஒருத்தன் மட்டும் எல்லாம் நிஜம் மாதிரி இருக்கணும்னு புது விதியா சேர்த்துக்கிட்டே போறான். மத்தவங்களுக்குத் தூக்கம் வருது. யார் பக்கம் நியாயம்?"

பஞ்சாயத்துக்கு நேரிலேயே போனேன். மாவுருண்டை கிடைக்கும் என்ற நப்பாசையும் உண்டு, கிடைத்தது.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒருவர் கதை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். வாள் பட்டதா, பூட்டு திறந்ததா என்பதையெல்லாம் பகடை சொல்லும். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்டது. இந்தப் பையன்களின் கதையில் அரண்மனை, மலைக்குகை எதுவும் கிடையாது. பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு செட்டிநாட்டு வீடு, அதன் மூன்றாம் கட்டில் எட்டுக் கள்வர்கள். நல்ல கற்பனை.

நிஜப்பித்தர் சேர்த்த விதிப்படி ஒவ்வொரு வீச்சுக்கும் நான்கு முறை பகடை உருட்ட வேண்டும்: பட்டதா, எதிராளி தடுத்தானா, உடம்பில் எங்கே பட்டது, எவ்வளவு ரத்தம் போனது. இவர்கள் ஐந்து, கள்வர் எட்டு, ஆகப் பதின்மூன்று பேர். உருட்டிக் கூட்டி அட்டவணை பார்க்க ஒரு தடவைக்கு 15 நொடி என்று வைத்தாலும் ஒரு சுற்றுக்கு 13 நிமிடம். கதையில் அந்தச் சுற்று நடப்பதோ 6 நொடி. தூக்கம் வராமல் என்ன செய்யும்?

இந்தச் சண்டை இவர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி, ராணுவப் பயிற்சிக்காக வரைபடமும் பகடையும் வைத்து ஒரு போர் விளையாட்டை அமைத்தார். அட்டவணைகளோடு மல்லுக்கட்டி அலுத்துப்போனவர்கள் பலர். 1876-ல் வெர்டி து வெர்னுவா என்ற இன்னொரு அதிகாரி, அட்டவணைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு அனுபவமுள்ள நடுவரே தீர்ப்புச் சொல்லட்டும் என்றார். 1978-ல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற இன்னொரு பாத்திர விளையாட்டு, கை, கால், தலை என்று உடம்பின் பாகங்களுக்குத் தனித்தனியாக உயிர்க் கணக்கு வைத்தது. ஒரு தலைமுறை கூட்டும், இன்னொன்று கழிக்கும்.

நிஜப்பித்தருக்குப் பெரிய எரிச்சல் உயிர்ப்புள்ளி, அதாவது ஹிட் பாயிண்ட். நாற்பது புள்ளி வைத்திருக்கும் வீரன் முப்பத்தொன்பதை இழந்த பிறகும் முழு வேகத்தில் சண்டை போடுகிறான். "சிராவயல் மஞ்சுவிரட்டுல மாடு ஒரு தடவை குத்துனவன் எந்திரிச்சு அதே தெம்போட இன்னொரு மாட்டைப் பிடிப்பானா?" என்று கேட்டார். பிடிக்க மாட்டான். இந்தக் கணக்கைப் போர்க்கப்பல் விளையாட்டு ஒன்றின் விதிகளிலிருந்து எடுத்ததாக ஆர்னெசனே சொல்லியிருக்கிறார். கப்பலுக்குப் பொருந்தும், மனிதனுக்கு இடிக்கும். ஆனாலும் நான் உயிர்ப்புள்ளியின் கட்சிதான். ரங்கூனில் கடை வைத்திருந்தவர்களின் ஊர் இது. ஐந்தொகை என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பேரேட்டின் ஒவ்வொரு பற்றையும் வரவையும் முதலாளி வாசிப்பதில்லை. கடைசியில் நிற்கும் ஐந்தொகையைப் பார்த்துக் கடை நிற்குமா சாயுமா என்று முடிவு செய்கிறார். களைப்பு, காயம், பயம், அதிர்ஷ்டம் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் சுருக்கிய ஐந்தொகைதான் உயிர்ப்புள்ளி.

ஆனால் அவர் சேர்த்ததில் ஒரு விதியை மட்டும் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றேன். இருபது முகப் பகடையில் 1 விழுந்தால் கையிலிருக்கும் கத்தி நழுவிவிடும். உலகம் முழுக்கப் பல குழுக்கள் தாங்களாகவே சேர்த்துக்கொள்ளும் விதி இது. கேட்க நிஜம் போலத்தான் இருக்கும். யாருக்குத்தான் கை வழுக்காது?

கணக்கைப் பாருங்கள். இருபதில் ஒன்று என்றால் 5 சதவீதம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் உச்ச நிலையை அடைந்த போர்வீரன் 6 நொடிச் சுற்றில் நான்கு முறை வீசலாம், அதாவது நிமிடத்துக்கு 40 வீச்சு. ஆக, நாட்டிலேயே பெரிய வாள்வித்தகர் நிமிடத்துக்குச் சராசரியாக இரண்டு முறை வாளைக் கீழே போடுகிறார். ஒரு வீச்சு மட்டுமே தெரிந்த கற்றுக்குட்டி இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறைதான் போடுகிறான். பயிற்சி கூடக் கூட நழுவலும் கூடுகிறது! நிஜத்துக்காகச் சேர்த்த விதி நிஜத்தைத் தலைகீழாக்கிவிட்டது.

தவறு பகடையின் மேல்தான். ஒற்றைப் பகடைக்கு எல்லா எண்ணும் ஒன்றுதான். 1, 10, 20 மூன்றுக்கும் அதே 5 சதவீதம். மோசமான விபத்தும் சாதாரண நாளும் சரிசமமாக வருகிற உலகம் அது. வேறு மாதிரி உலகம் அந்த வீட்டுப் பட்டாலையிலேயே கிடந்தது: அப்பத்தாவின் பித்தளைத் தாயக்கட்டைகள்.

ஒரு கட்டைக்கு நான்கு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், நான்காவது வெறுமை. இரண்டு கட்டைகளைச் சேர்த்து உருட்டினால் 4 × 4, பதினாறு வழி. மொத்தம் மூன்று வர எத்தனை வழி? வெறுமையும் மூன்றும், ஒன்றும் இரண்டும், இரண்டும் ஒன்றும், மூன்றும் வெறுமையும்: நான்கு. தாயம், அதாவது மொத்தம் ஒன்று வர இரண்டே வழி. ஆறு வர ஒரே வழி, இரண்டிலும் வெறுமை வரவும் ஒரே வழி. கட்டைக்கு எந்த எண்ணின் மேலும் பாசமில்லை. நடுவிலிருக்கும் எண்களை அடையப் பாதைகள் அதிகம், ஓரத்துக்குப் போக ஒற்றையடிப் பாதைதான். அதனால் வாய்ப்பு நடுவில் குவிந்து ஓரங்களில் மெலிகிறது. இதைவிட அழகான சங்கதி எனக்குக் கணக்கில் தெரியாது.

நிஜ வாழ்க்கைத் திறமையும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. ஒரு சிலம்ப அடியை எடுத்துக்கொள்ளுங்கள். கால் வைத்த இடம், மணிக்கட்டின் வேகம், உள்ளங்கை வியர்வை, எதிராளியின் நகர்வு, கண்ணில் பட்ட வெயில். ஒவ்வொன்றும் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும், பெரும்பாலும் ஒன்றை ஒன்று அடித்துவிடும். கம்பு கையை விட்டுப் பறக்க வேண்டுமென்றால் எல்லாமே ஒரே நேரத்தில் கெட்டுப்போக வேண்டும். பல சிறு காரணங்களின் கூட்டல் மணி வடிவில் குவிவதற்குக் காரணம் இதுவே.

1986-ல் வந்த கர்ப்ஸ் என்ற விளையாட்டு இதற்காக மூன்று ஆறுமுகப் பகடைகளைக் கூட்டுகிறது. 216 வழிகளில் மொத்தம் 3 வருவது ஒன்றே ஒன்று. 10-க்கும் 11-க்கும் தலா 27. பயிற்சியால் கிடைக்கும் கூடுதல் ஒரு புள்ளியும் நிஜம் போலவே வேலை செய்கிறது: 10 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டிய இடத்தில் 11 வரை விழலாம் என்றால் வெற்றி 50-லிருந்து 62.5 சதவீதத்துக்குத் தாவும். 4 வரை என்பதற்குப் பதில் 5 வரை என்றால் 1.9-லிருந்து 4.6-தான். இருபது முகப் பகடையில் எங்கே இருந்தாலும் அதே 5 சதவீதக் கூடுதல். ஒரு அட்டவணை கூடச் சேர்க்கவில்லை, கவனியுங்கள். கூட்டல் மட்டும்தான்.

நடுவே ஒரு புலம்பல். 1654-ல் பாஸ்கல், ஃபெர்மா என்ற இரண்டு பிரெஞ்சுக் கணித மேதைகள் சூதாட்டப் பந்தயத்தைப் பங்கு பிரிப்பது பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்து வளர்ந்ததுதான் இன்று காப்பீட்டுத் தொகையையும் மருந்துச் சோதனையையும் தீர்மானிக்கும் கணிதம். இன்று ஒரு ஆய்வு மாணவர் "தாயக்கட்டை" என்று தலைப்பு வைத்து மானியம் கேட்டுப் பார்க்கட்டும். சிரித்து அனுப்பிவிடுவார்கள். அதே ஆட்கள் கார் வாங்கினால் எண்ணின் கூட்டுத்தொகை பார்ப்பார்கள்.

அப்பத்தாவிடமும் ஒரு நம்பிக்கை உண்டு. "எட்டு தடவையா தாயம் விழலை தம்பி, இந்தத் தடவை விழுந்தே தீரும்." தாயத்துக்கு எட்டில் ஒரு வாய்ப்பு. தொடர்ந்து எட்டு முறை விழாமல் போவது மூன்றில் ஒரு பங்கு நேரம் நடக்கும். ஒன்பதாவது முறையும் அதே எட்டில் ஒன்றுதான். பித்தளைக்கு ஞாபகசக்தி கிடையாது. சொன்னேன். "நீங்க படிச்சவங்க" என்று உருட்டினார். தாயம் விழுந்தது. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

பையன்களுக்கு ஒரு யோசனை சொன்னேன். இருபது முகப் பகடையை ஓரமாக வையுங்கள். தாயக்கட்டையை இரண்டு முறை உருட்டிக் கூட்டுங்கள். 0 முதல் 12 வரை எண் வரும், மொத்தம் 256 வழி. நடுவிலிருக்கும் 6-க்கு 44 வழி, 0-க்கு ஒன்றே ஒன்று. கத்தி நழுவுவதை அந்த 0-க்கு வைத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 40 வீச்சு வீசும் வித்தகர் சுமார் ஆறரை நிமிடச் சண்டைக்கு ஒரு முறைதான் தவறவிடுவார். நிஜப்பித்தர் முகம் மலர்ந்தது.

பட்டாலையிலிருந்து அப்பத்தா குறுக்கிட்டார். "ரெண்டும் வெறுமையா விழுந்தா அது பன்னெண்டு. மறு ஆட்டமும் உண்டு. பன்னெண்டு போட்டவன் கத்தி எப்படிடா கீழ விழும்?"

"சரி அப்பத்தா, அந்தக் கோடிக்குப் போயிடலாம். ரெண்டு தடவையும் ஆறு விழுந்தா நழுவட்டும். அதுக்கும் 256-ல ஒண்ணுதான்" என்றார் பேரன்.

"ஆறுக்கும் மறு ஆட்டம் உண்டே."

பையன்கள் என்னைப் பார்த்தார்கள். நான் மாவுருண்டையைப் பார்த்தேன். அன்றிரவு எட்டுக் கள்வர்களையும் பதினோரு மணிக்குள் பிடித்துவிட்டார்கள். யார் கத்தியும் நழுவவில்லை, அந்த விதியே எடுபட்டுப் போயிருந்தது.