மரத்தை விற்றுவிட்டு ஊற்று வற்றிப்போனதே என்று வராதீர்கள்

இன்னொருவர் வந்துவிட்டார். மியன்மாரின் பா-ஆன் பக்கம் சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் நிலம் வைத்திருக்கும் நம் தமிழர். சரிவில் நின்ற மூங்கிலையும் மரங்களையும் சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகாக மொத்தமாக விற்றுவிட்டார். இப்போது அடிவாரத்து ஊற்று மாசியிலேயே வற்றிவிடுகிறது. கேட்டால், "சும்மா கிடந்த காடுதானே ஐயா, வந்த காசு லாபம்தானே?" என்கிறார்.

இந்தச் "சும்மா கிடந்த" என்ற பேச்சுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. சுண்ணாம்புக்கல் மழைநீரில் கரையும் கல். கரைந்தபின் மிஞ்சும் களிமண் மிகச் சொற்பம். ஒரு விரற்கடை மண் சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். பா-ஆனுக்குப் பக்கத்து ஊரான மோல்மேனில் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள். வேர்ப்பிடிப்பு இல்லாத சரிவில் அந்த மழை அடித்தால் மண் கல்லிடுக்கு வழியாகக் குகைக்குள் இறங்கிவிடும். அதைத் திரும்ப அள்ளி வர முடியாது. மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுக்கு மெல்ல விடுவது அந்த மண்தான். "தேக்கு நட்டால் போகிறது" என்கிறார்கள். எதில் நடுவது? கல்லிலா?

சீனாவின் குய்சோ மாநிலத்தில் இப்படித்தான் மலை மலையாகக் கல் வெளியே வந்தது. 2008-இல் குய்சோவையும் மற்றச் சில மாநிலங்களையும் சேர்த்து 100 மாவட்டங்களில் அரசே சீரமைப்பைத் தொடங்க வேண்டியிருந்தது. கல்லிடுக்கில் கையளவு மண் இருக்கும் இடமாகத் தேடித் தேடி சிச்சுவான் மிளகு நட்டார்கள். நமக்கு அப்படிச் செலவழிக்க யார் இருக்கிறார்கள்?

துரியான் தோட்டக்காரர்கள் கொஞ்சம் கவனியுங்கள். துரியான் மலர்வது அந்தியில். இரவில் அதற்கு மகரந்தம் சேர்ப்பதில் பெரும்பங்கு தேன் குடிக்கும் வௌவாலுக்கு. அது தங்குவது சுண்ணாம்புக் குகையில். துரியான் பூக்காத மாதங்களில் அதற்கு இரை தருவது காட்டு வாழையும் மற்றக் காட்டுப் பூக்களும். பூச்சி தின்னும் குகை வௌவால்கள் நெல்லைத் தாக்கும் தத்துப்பூச்சிகளைத் தின்பதைத் தாய்லாந்தில் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். குகைத் தரையில் சேரும் எச்சமும் நல்ல விலை போகும் எரு. ஊற்று நீர், தேன், மூங்கில் குருத்து, மர நிழலில் விளையும் ஏலக்காய் எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் எழுதிப் பாருங்கள். விறகுக்காசு ஒரே முறைதான் வரும்.

(வெட்டுமுன் என்னிடம் யோசனை கேட்க யாரும் வருவதில்லை, வெட்டியபின் கன்று கேட்டு வருகிறார்கள்.)

மூங்கில் வேண்டுமா, முற்றியதை மட்டும் எடுங்கள், இளசைத் தொடாதீர்கள். நீர் உள்ளே இறங்கும் பள்ளங்களைச் சுற்றி ஒரு செடிகூடப் போகக்கூடாது. மாசி, பங்குனியில் தீ வைக்காதீர்கள். "காய்ந்த சருகுதானே" என்றால் எனக்குக் கோபம் வரும். குகையில் எரு எடுக்கிறவர்கள் வௌவால் குட்டி போடும் காலத்தில் உள்ளே போகாதீர்கள், புகை போடாதீர்கள். குன்றைக் கல்குவாரிக்குக் கொடுத்தால் திரும்பி வராது. கையெழுத்துப் போடுமுன் மகன், மகளிடம் கேளுங்கள். ஊராகச் சேர்ந்து காட்டைக் காக்க 1995 முதல் சமூக வனவியல் விதிகள் இருக்கின்றன, 30 ஆண்டு உரிமை கிடைக்கும். விண்ணப்பம் எழுதத் தெரியவில்லை என்றால் நான் எழுதித் தருகிறேன்.

ஏற்கனவே வெட்டிவிட்டவர்களுக்கு ஒன்றே ஒன்று. அடிக்கட்டைகளைத் தோண்டி எடுக்காதீர்கள், மாடும் ஆடும் ஏறாமல் வேலி போடுங்கள். உயிருள்ள கட்டைகள் தாமாகவே துளிர்க்கும். தோண்டத் தோன்றினால், தயவுசெய்து முதலில் என்னைக் கூப்பிடுங்கள்.