வாயில் வரும் ஒன்றேகால், தாளில் வராத ஒன்றேகால்

பள்ளி ஆலோசகராகப் பணியாற்றும் என்னிடம் ‘படிப்பில் அக்கறையே இல்லை’ என்ற புகாரோடு அனுப்பப்படும் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளில் பலர், பாடத்தில் எங்கோ ஓரிடத்தில் பிடி நழுவி, அது நான்கு பேருக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி ஒளிந்துகொண்டிருப்பவர்கள்.

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு வாரத்தில் இரண்டு நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி வந்தது. உடம்பில் குறையேதும் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு அவனுடைய அம்மா என்னிடம் அழைத்து வந்தார். பாடவேளை அட்டவணையைப் பார்த்தால், அந்த இரண்டு நாளும் முதல் வகுப்பு கணக்கு. அவனது கணக்கு நோட்டில் அழித்து அழித்துத் தாளே கிழிந்திருந்தது. முக்காலையும் அரையையும் பின்னமாக எழுதிக் கூட்டச் சொன்னேன். மேலே 3, 1 இரண்டையும் கூட்டி 4 என்றும், கீழே 4, 2 இரண்டையும் கூட்டி 6 என்றும் எழுதினான். அம்மா காய்கறிக் கடை வைத்திருப்பவர் என்பதால், முக்கால் கிலோ தக்காளியும் அரை கிலோ வெங்காயமும் ஒரே பையில் போட்டால் எடை எவ்வளவு என்று கேட்டேன். “ஒன்றேகால் கிலோ சார்” என்று சட்டென்று சொன்னவன், தான் எழுதியதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே ஆசிரியரின் கண்பார்வையில் இருந்த பிள்ளை, ஆறாம் வகுப்பில் பாடத்துக்கொரு ஆசிரியரிடம் போகிறது. முழுப் பிள்ளையையும் பார்ப்பவர் யாருமில்லை. உடல் மாறும் வயதும் அதுவே என்பதால், கரும்பலகை முன் நிற்பதே சிலருக்குத் தண்டனை. தேர்ச்சி பெறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்திவைக்காததுதான் இப்படிப் பின்தங்குவதற்குக் காரணம் என்பாரும் உண்டு. அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு உட்கார வைத்தால் பின்னம் தானாக விளங்கிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதை மட்டுமல்ல, மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. பிள்ளை அவ்வாறு துன்புறுவதாகத் தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

அந்த மாணவனைச் சில வாரங்களுக்குக் கரும்பலகைக்கு அழைக்காமல், அவன் இருக்கைக்கே சென்று நோட்டைப் பார்ப்பதாகக் கணக்கு ஆசிரியர் ஒப்புக்கொண்டார். “நான் அஞ்சாவதுதான் சார், என்னத்த சொல்லித் தர்றது?” என்று தயங்கிய அம்மாவிடம், இரவில் அன்றைய விற்பனையை வாய்விட்டுச் சொன்னால் போதும், அவன் எழுதட்டும் என்றேன். வயிற்றுவலி மெல்ல நின்றது. அரையாண்டுத் தேர்வுக்கு முன் நோட்டைப் பார்த்தேன். பின்னக் கழித்தலில் இன்னும் தவறுகள் இருந்தன. ஆனால் தவறானதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்திலேயே மறுபடி போட்டுப் பார்த்திருந்தான்.