இ.இ.ஜி. நார்மல் என்றால் மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்?

போன வாரமும் ஒருவர். தருமபுரிப் பக்கத்து இளைஞர், இங்கே பெங்களூருவை ஒட்டிய பொம்மசந்திராவில் வேலை. முன்பு இரண்டு தடவை ஃபிட்ஸ் வந்து, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் ஒரு வருஷத்துக்கு மேல் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்தார். நடுவில் எடுத்த இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை) ரிப்போர்ட்டின் கடைசி வரியில் நார்மல் என்று இருந்தது. வீட்டில் பெண் பார்க்கவும் தொடங்கியிருந்தார்கள். "அதான் நார்மல்னு வந்துடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று மாமா கேட்க, ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சில நாளிலேயே ஒன்றன் பின் ஒன்றாக ஃபிட்ஸ், நடுவில் நினைவே திரும்பவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர் தலையில் எலெக்ட்ரோடு ஒட்டும்போது கை கால் வெட்டுவது நின்றிருந்தது. "இப்ப தூங்குறான், இல்லையா?" என்று அம்மா கேட்டார். திரையில் ஓடிய அலைகளைப் பார்த்தால் அது தூக்கம் இல்லை. உடம்பு அசையாமல் கிடக்க, மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டேதான் இருந்தது.

அவர் பிழைத்துக்கொண்டார். எல்லோரும் பிழைப்பதில்லை. இதே காரணத்துக்காக இதே மாதிரி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

நான் பெங்களூருவில் இ.இ.ஜி. டெக்னாலஜிஸ்ட். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வது என் வேலை. பதிவைப் படித்து முடிவு சொல்வது நரம்பியல் மருத்துவர். வயர்களைக் கழற்றும்போதே "என்ன தெரியுது சொல்லுங்க" என்று கேட்கிறீர்கள். நான் வாயைத் திறப்பதில்லை என்று கோபப்படுகிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் நான் அரைகுறையாக ஒன்றைச் சொல்லி, அதை நீங்கள் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

கிருஷ்ணகிரி, சேலம், திருவண்ணாமலை என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். தலையில் பிரச்சினை என்றால் பெங்களூரு என்பது அந்தப் பக்கத்து வழக்கம். 1974-ல் இங்கே நிமான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனை உருவானதிலிருந்து, அதற்கு முன் இருந்த மனநல மருத்துவமனைக் காலத்திலிருந்தே கூட, அப்படித்தான். ராத்திரி பஸ் ஏறி, லீவு போட்டு, கடன் வாங்கி வருகிறவர்களுக்குக் கையில் ஒரு காகிதம், அதில் ஒரு முடிவு வேண்டும். நார்மல் என்ற சொல் அந்த முடிவாகத் தோன்றிவிடுகிறது.

அது முடிவு இல்லை. சாதாரண இ.இ.ஜி. என்பது 20 நிமிஷத்திலிருந்து அரை மணி நேரப் பதிவு. அந்த நேரத்தில் மூளையின் மேற்பரப்பில் வலிப்புக்கான அடையாளம் ஏதும் தலைகாட்டியதா என்று மட்டுமே அது சொல்லும். மாதத்துக்கு ஒரு தடவை ஃபிட்ஸ் வருகிறவருக்குச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அது தெரிந்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வெயில் நாளில் ஏறிப் பார்த்துவிட்டுக் கூரை ஒழுகவில்லை என்று எழுதிக் கொடுத்தால் ஒத்துக்கொள்வீர்களா?

இன்னொன்று, நாங்கள் பிடிப்பது மைக்ரோவோல்ட் கணக்கில் வரும் மிகச் சின்ன மின்னழுத்தம். மண்டை ஓட்டையும் தோலையும் தாண்டி வெளியே வருவதற்குள் அது இன்னும் தேய்ந்துவிடுகிறது. மூளையின் பல சதுர சென்டிமீட்டர் பரப்பு ஒரே நேரத்தில் துடித்தால்தான் தலைக்கு மேல் ஒட்டிய எலெக்ட்ரோடுக்குத் தெரியும். ஆழத்தில் ஒரு மூலையிலிருந்து கிளம்புவது தெரியாமலே போகலாம். வலிப்பு நோய் உறுதியாக இருப்பவர்களிலேயே முதல் பதிவில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அடையாளம் கிடைக்கும். திரும்பத் திரும்ப எடுத்து, தூக்கத்திலும் எடுத்தால் இந்த அளவு கூடும். அப்படியும் பத்துப் பேரில் ஒருவர் இருவருக்கு எதுவும் தென்படாது. மாத்திரை நன்றாக வேலை செய்வதாலும் பதிவு சுத்தமாக வரலாம். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

இந்த ஊர்ப் பக்கமே ஒரு உதாரணம் இருக்கிறது. சுடச்சுட வெந்நீரைத் தலையில் மொண்டு மொண்டு ஊற்றும்போது சிலருக்கு ஃபிட்ஸ் வரும். தென் கர்நாடகத்தில் இது அதிகம், தமிழ்நாட்டிலும் உண்டு. பெங்களூரு நரம்பியல் மருத்துவர் கே.எஸ். மணி பல வருஷங்களுக்கு முன்பே இதை விரிவாக எழுதியிருக்கிறார். இவர்களில் பெரும்பாலோருக்கு மற்ற நேரத்தில் எடுக்கும் இ.இ.ஜி. நார்மலாகத்தான் இருக்கும். பிள்ளை குளியலறையில் மயங்கி விழுந்தது நிஜம், ரிப்போர்ட் நார்மல் என்பதும் நிஜம். குளிக்கும்போது மட்டும் வருகிறது என்றால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது தெரிந்தால் சிகிச்சையே மாறும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வாழ்நாளில் ஒரு தடவைகூட ஃபிட்ஸ் வராத சிலருக்கும் பதிவில் கோளாறு தெரிவதுண்டு. அதற்காக யாரும் மாத்திரை தொடங்குவதில்லை. டாக்டர் பார்ப்பது ஆளை, காகிதத்தை மட்டும் இல்லை. மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதையும் அவர்தான் முடிவு செய்வார். பொதுவாகக் குறைந்தது 2 வருஷமாவது ஃபிட்ஸே இல்லாமல் இருந்த பிறகுதான் அந்தப் பேச்சே எடுப்பார்கள். அதுவும் ஒரேயடியாக நிறுத்துவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில் குறைப்பார்கள்.

இ.இ.ஜி. என்றால் கரண்ட் வைப்பது என்று பயந்து பாதியில் எழுந்து போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் கருவி வாங்கும், கொடுக்காது. அவ்வளவுதான். ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் மனித மூளையின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தபோதும் இப்படித்தான், இப்போதும் இப்படித்தான். வலிக்காது. தலையை டேப் வைத்து அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, தோலை லேசாகத் தேய்த்து, பேஸ்ட் வைத்து ஒட்டுவோம்.

அந்தத் தோலைத்தான் தயவுசெய்து கொஞ்சம் யோசியுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே, பிள்ளை பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று தேங்காய் எண்ணெய் வழிய வழிய வாரிப் பின்னிக் கூட்டி வருகிறீர்கள். எண்ணெய் இருந்தால் எலெக்ட்ரோடு ஒட்டாது, ஒட்டினாலும் மின்தடை கூடிப்போய்ப் பதிவில் வெறும் இரைச்சல்தான் வரும். முந்தின நாளோ அன்று காலையோ ஷாம்பூ போட்டு அலசி, நன்றாகக் காயவைத்து வாருங்கள். எண்ணெய், ஜெல், பூ எதுவும் வேண்டாம். பட்டினி கிடக்கவும் வேண்டாம், ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் அலைகளே மாறும். காலை மாத்திரையை வழக்கம்போலப் போடுங்கள். "பிரச்சினை நல்லா தெரியட்டும்னு நிறுத்திட்டோம்" என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்குகிறது. நிறுத்த வேண்டும் என்றால் டாக்டரே சொல்வார், அதுவும் பெரும்பாலும் வார்டில் படுக்க வைத்து வீடியோவோடு பதிவு செய்யும்போதுதான்.

தூக்கம் கெடுத்து வரச் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கிறது. விழித்திருக்கும்போது ஒளிந்துகொள்ளும் அடையாளங்கள் தூக்கம் வரும் நேரத்தில் வெளியே வரும். போன மாதம் ஒரு அப்பா, அம்மா, ஆறு வயசுப் பெண். ராத்திரி முழுக்கக் கதை சொல்லி, டிவி போட்டு, அவளைத் தூங்கவிடாமல் பார்த்திருக்கிறார்கள். விடிகாலையில் ஓசூரில் பஸ் ஏறினார்கள். பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பஸ் நின்ற நேரம் முழுவதும் குழந்தை அம்மா மடியில் நன்றாகத் தூங்கியிருக்கிறாள். எங்கள் அறைக்குள் வந்தபோது துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தாள். பெற்றவர்கள் இரண்டு பேரும் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார்கள். அவர்களை என்ன சொல்வது? பதிவை இன்னொரு நாளைக்குத் தள்ளவேண்டியதாயிற்று. தூரத்திலிருந்து வருகிறவர்கள் முடிந்தால் முந்தின நாளே வந்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்குங்கள். வழியில் பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர ஒரு ஆள் வேண்டும்.

அப்புறம் இந்த இரும்புச் சமாச்சாரம். காத்திருக்கும் இடத்திலேயே ஒருவருக்கு ஃபிட்ஸ் வந்தால் நாலு பேர் சாவிக்கொத்தோடு ஓடி வருகிறார்கள். பெரும்பாலான ஃபிட்ஸ் இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாகவே நிற்கும். நீங்கள் சாவியைத் தேடி எடுத்து உள்ளங்கையில் திணிக்கவும் அந்த நேரம் சரியாக இருக்கும். அதனால்தான் சாவி வேலை செய்ததாகத் தெரிகிறது. வெறும் சாவி என்றால் போகட்டும். வாயில் ஸ்பூனைத் திணித்துப் பல் உடைந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாயில் எதையும் வைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் கூர்மையான பொருளை நகர்த்துங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிஷம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108.

கல்யாணம் என்றதும் மாத்திரையை ஒளிக்கும் குடும்பங்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். வலிப்பு இருப்பவரின் திருமணம் செல்லாது என்று சொல்ல வழிவகுத்த வார்த்தை இந்து திருமணச் சட்டத்தில் முன்பு இருந்தது. 1999-ல் திருத்தம் கொண்டுவந்து அதை எடுத்துவிட்டார்கள். சட்டம் விட்டுவிட்டதை நாம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் மாத்திரை போட வேண்டிய பெண் எத்தனை நாளைக்கு நேரம் தவறாமல் போடுவாள்? முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு ஒதுங்குகிற வரன் ஒதுங்கட்டும்.

கடைசியாக, பரிசோதனைக்கு வரும்போது ஃபிட்ஸை நேரில் பார்த்தவர் ஒருவர் கூட வரவேண்டும். பத்துப் பேர் வருகிறீர்கள், கேட்டால் "பார்த்தது பக்கத்து வீட்டுக்காரம்மா, அவங்க ஊர்ல இருக்காங்க" என்கிறீர்கள். அந்த அம்மாவின் போன் நம்பராவது வாங்கி வாருங்கள். அடுத்த தடவை வந்தால், முதலுதவி செய்ய ஒருவர் இருக்கும்போது இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுங்கள். முகம் தெரியவேண்டும். கண் திறந்திருக்கிறதா, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தக் கை முதலில் வெட்டுகிறது என்பது தெரியவேண்டும். போர்வை மூடியிருந்தால் விலக்கிவிட்டு எடுங்கள். நின்ற பிறகும் உடனே அணைக்காதீர்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டு, எப்போது பதில் சொல்கிறார் என்பதுவரை ஓடட்டும். ஒரு நிமிஷ வீடியோ பல நேரம் என் அரை மணி நேரப் பதிவைவிட டாக்டருக்கு அதிகம் சொல்லும். பழைய ரிப்போர்ட்டுகளையும் இப்போது போடும் மாத்திரையின் அட்டையையும் அதே பையில் வைத்து எடுத்து வாருங்கள்.