மூடியில் நிற்கும் துளிகள்

மழை நாளில் அடுப்பில் துளசியும் கற்பூரவள்ளியும் கொதித்தால் வாசல்வரை மணக்கும். எனக்கும் அந்த மணம் பிடிக்கும். ஆனால் வாசல்வரை வந்தது அத்தனையும் டம்ளரில் இருந்திருக்க வேண்டியது. இலைத் தேநீரில் சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மணம்தான். அந்த மணமோ, காற்றில் கரைந்து போய்விடும் எண்ணெய்.

அந்த எண்ணெய் இலையில் எங்கே இருக்கிறது? துளசி, புதினா, கற்பூரவள்ளி மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். மூன்றுக்கும் இலையின் தோல்மேலேயே நுண்ணிய சுரப்பிகள் உண்டு. நல்ல பூதக்கண்ணாடி வைத்துப் புதினா இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், பளபளக்கும் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் மெல்லிய சவ்வு போர்த்திய எண்ணெய்ப் பை. துளசியில் இருப்பது யூஜினால். கிராம்புக்கு மணம் தருவதும் அதுதான், துளசியை மென்றால் கிராம்பு ஞாபகம் வருவது அதனால்தான். கற்பூரவள்ளியில் கார்வக்ராலும் தைமாலும் இருக்கின்றன. ஓமத்தின் மணமும் தைமால்தான். கற்பூரவள்ளிக்கு ஓமவல்லி என்றும் பெயர் வைத்தவர்களின் மூக்கு வேதியியலைச் சரியாகவே பிடித்திருக்கிறது.

பை வெளியிலேயே இருப்பதால் இந்த இலைகளை அரைக்க வேண்டியதில்லை. உள்ளங்கையில் வைத்து இரண்டு தட்டுத் தட்டினால் போதும். எலுமிச்சைப்புல் அப்படியல்ல. அதற்கு மணம் தரும் சிட்ரால் இலைக்குள்ளே தனிச் செல்களில் அடைந்திருக்கிறது, நறுக்கி நன்றாக நசுக்கினால்தான் வெளியே வரும்.

இனி வெப்பம். யூஜினால் தனியாகக் கொதிக்க 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், புதினாவின் மெந்தாலுக்கு ஏறக்குறைய 212. பிறகு எப்படி 100 டிகிரித் தண்ணீரில் பறந்துவிடுகின்றன? தண்ணீரோடு கலக்காத எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்துச் சூடாக்கும்போது இரண்டின் ஆவி அழுத்தமும், அதாவது ஆவியாகி வெளியேறத் தள்ளும் அழுத்தமும், கூடிக்கொள்கிறது. அதனால் எண்ணெய் தன் கொதிநிலையைத் தொடாமலேயே நீராவியோடு கிளம்பிவிடுகிறது. கேரளத்தில் எலுமிச்சைப்புல்லிலிருந்து புல்தைலம் வடிப்பதும் இப்படித்தான். அவர்கள் அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடித்துக்கொள்கிறார்கள், நாம் திறந்த பாத்திரத்தில் விட்டுவிடுகிறோம்.

ஆகவே தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு இலையைப் போடுங்கள், உடனே மூடுங்கள். ஒரு டம்ளருக்குத் துளசி என்றால் பத்துப் பன்னிரண்டு இலை, கற்பூரவள்ளி என்றால் இரண்டு. பச்சை இலையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் காய்ந்த இலையைப் போல மூன்று மடங்கு வேண்டியிருக்கும். ஐந்தாறு நிமிடம் கழித்து மூடியைத் திறக்கும்போது அதன் அடியில் துளிகள் நிற்கும். ஏறிப்போன ஆவி குளிர்ந்து எண்ணெயோடு திரும்பி வந்த துளிகள் அவை. அவற்றைப் பாத்திரத்துக்குள்ளேயே தட்டிவிடுங்கள்.

இஞ்சிக்கு இதெல்லாம் தலைகீழ். அதன் காரம் ஜிஞ்சரால் என்ற பொருள், அது லேசில் ஆவியாகாது. கிழங்கின் கெட்டியான திசுவிலிருந்து அதை இறக்கப் பத்து நிமிடக் கொதி தேவை. (இஞ்சி காயும்போது ஜிஞ்சராலில் ஒரு பகுதி நீர் இழந்து ஷோகால் ஆகிறது, அதற்குக் காரம் இன்னும் அதிகம். சுக்கு சுள்ளென்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.) எனவே முதலில் இஞ்சி கொதிக்கட்டும், அப்புறம் அடுப்பை அணைத்து இலை, மூடி.

பூச்சிமருந்து படாத செடியாக இருக்கட்டும். கர்ப்பிணிகளும் தினமும் மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

எலுமிச்சைச் சாறு பிழிவதென்றால் இலையை வடிகட்டிய பிறகு பிழியுங்கள். சூட்டோடு அமிலமும் சேர்ந்தால் பச்சையத்தின் நடுவில் இருக்கும் மெக்னீசியம் கழன்றுவிடும், இலை பழுப்பாகிவிடும். சங்குப்பூ இரண்டு போட்டிருந்தால் பிள்ளைகளைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பிழியுங்கள். சாறு விழுந்த இடத்திலிருந்து நீலம் ஊதாவாக மாறிக் கீழே இறங்குவதை அவர்கள் பார்க்கட்டும்.