பழைய பெட்டிக்கு ஒரு சின்ன லினக்ஸ்

வியாசர்பாடியில் நாங்கள் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் அறையில் ஒரு பெண்டியம் 4 கணினி இருக்கிறது. 512 எம்பி ராம். ஓர் அலுவலகத்தில் வேண்டாமென்று ஒதுக்கியது. வந்த புதிதில் சுவிட்ச் போட்டால் ஹார்ட் டிஸ்க் கறகறவென்று அரைத்துக்கொண்டே இருக்கும், திரை அசையாது. பார்த்தவர்களெல்லாம் பிராசசர் போயிடுச்சு என்றார்கள். பிராசசருக்கு ஒன்றுமில்லை. ராம் போதாததால், அதில் அடங்காததையெல்லாம் சிஸ்டம் டிஸ்க்கில் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தது. டிஸ்க்கின் முனை நகர்ந்து ஒரு தகவலைத் தொட 10 மில்லி விநாடி வரை ஆகும். ராமிலிருந்து எடுப்பதைவிட இது ஏறக்குறைய லட்சம் மடங்கு தாமதம்.

சரி, டிஸ்க்கையே தொடாமல் இருந்தால்? டைனி கோர் லினக்ஸ் என்ற மிகச் சின்ன இயங்குதளம் அப்படித்தான் வேலை செய்கிறது. சிஸ்டத்தின் மையக்கருவான கெர்னல் ஒரு கோப்பு, சுருக்கி வைத்த மொத்த சிஸ்டமும் இன்னொரு கோப்பு. பூட் ஆகும்போது இரண்டும் ராமுக்குள் வந்து விரிந்துவிடும். நடுவில் கரண்ட் போனாலும் சிஸ்டம் கெடாது, மூலக் கோப்பில் யாரும் எழுதவில்லையே.

அதற்கு எல்லாமே சிறியதாக இருக்க வேண்டும். இங்கேதான் பிசிபாக்ஸ் (BusyBox) என்ற நிரல் வருகிறது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை நிறுவும் வட்டு ஒரே ஃபிளாப்பியில் அடங்க வேண்டும் என்பதற்காக 1995-இல் புரூஸ் பெரன்ஸ் தொடங்கியது. எல்எஸ், சிபி, கிரெப் என்று முந்நூறுக்கு மேற்பட்ட கட்டளைகள் இதில் தனித்தனி நிரல்கள் இல்லை, ஒரே நிரல். மற்ற பெயர்களெல்லாம் அதைச் சுட்டும் இணைப்புகள். ஓடத் தொடங்கியதும், தன்னை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்றுதான் அது முதலில் பார்க்கும். எல்எஸ் என்றால் பட்டியல் போடும், சிபி என்றால் நகலெடுக்கும். பொதுவான வேலைகளுக்கான நிரல்வரிகளை ஒருமுறை எழுதினால் போதும் என்பதால் இடம் மிச்சம்.

கெர்னலையும் இளைக்க வைக்கலாம். கெர்னலை நாமே உருவாக்கும்போது 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற கட்டளையைக் கொடுத்தால், அந்த நேரத்தில் பயன்பாட்டில் இருக்கும் டிரைவர்களை, அதாவது சாதனங்களை இயக்கும் நிரல்களை, மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழற்றிவிடும். பென் டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் அதற்கு முன்பே செருகி வையுங்கள். செருகாததன் டிரைவரும் போய்விடும்.

நான் கழற்ற மாட்டேன் என்று உறுதியாக நிற்பது ஒன்றில்தான், தமிழில். வரைகலை இல்லாத லினக்ஸின் கறுப்புத் திரை அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்களைத்தான் தாங்கும், ஒரு குறிக்கு ஒரு கட்டம். 'கொ' என்று வர வேண்டுமானால் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்க வேண்டுமே! அந்த அடுக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம் செய்கிறது. அதையும் ஒரு தமிழ் எழுத்துருவையும் சேர்த்தால் சில எம்பி கூடும். கூடட்டும். எங்கள் பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதினால் கட்டம் கட்டமாகத் தெரியக் கூடாது.

பிரவுசருக்குத்தான் இதில் வழியில்லை. இன்றைய இணையப் பக்கம் ஒன்றே மொத்த சிஸ்டத்தையும்விட அதிக ராம் கேட்கிறது. அதனால் இந்தக் கணினியில் தட்டச்சும் பைத்தானும் மட்டும்.