கயிறு, கல், பூ: மனவடு எப்படி ஆறுகிறது?

தரையில் ஒரு கயிற்றை நீட்டிப் போடுகிறார்கள். ஒரு முனை, பிறந்த நாள். அங்கிருந்து தொடங்கி, நல்லது நடந்த இடத்தில் ஒரு பூ, கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல். பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது, பூ. ஊரை விட்டு ஓடியது, கல். தங்கை பிறந்தது, பூ. ஷெல் விழுந்தது, எல்லாவற்றிலும் பெரிய கல். இனி வாழப்போகும் காலத்துக்கான கயிறு மறுமுனையில் அவிழ்க்காமல் சுருண்டு கிடக்கிறது.

விளையாட்டுப் போலத் தெரியும் இது ஒரு சிகிச்சையின் முதல் நாள். ஜெர்மனியின் கோன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் போரில் மனம் அடிபட்டு மனவடு நோய்க்கு (PTSD) ஆளானவர்களுக்காக உருவாக்கிய முறை. அடுத்தடுத்த அமர்வுகளில் கயிற்றின் வழியே நடந்து, ஒவ்வொரு கல்லிடமும் நின்று, அன்று என்ன பார்த்தாய், என்ன மணம், உடம்பு எப்படி இருந்தது, பிறகு என்ன நடந்தது என்று மெதுவாகக் கேட்கிறார்கள். கேட்பவர் எழுதிக்கொள்கிறார். அடுத்த முறை அதை வாசித்துக் காட்டுகிறார், சொன்னவர் திருத்துகிறார். கடைசியில் முழு வாழ்க்கையும் எழுத்தில் அவர் கைக்கு வருகிறது. சர்வாதிகாரி பினோசே காலத்துச் சிலியில், சித்திரவதைப்பட்டவர்களின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்தபோது அப்படிச் சொன்னதே அவர்களுக்கு ஆறுதலானதைக் கண்டார்கள். இந்த முறையின் ஒரு வேர் அங்கே இருக்கிறது.

கல்லை ஓரிடத்தில் வைப்பதில் அப்படி என்ன இருக்கிறது? நினைவு பதியும் விதத்தைப் பார்த்தால் புரியும். சாதாரண நாளொன்றின் நினைவில் இடமும் காலமும் சேர்ந்தே இருக்கும். அந்தத் தேதி முத்திரையைக் குத்துவதில் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குப் பெரும்பங்கு உண்டு. உயிர் போகும் பயத்தில் அமிக்டலா என்ற இன்னொரு பகுதி முந்திக்கொள்கிறது. சத்தம், மணம், நெஞ்சடிப்பு எல்லாம் ஆழமாகப் பதிகின்றன. முத்திரை மட்டும் சரியாக விழுவதில்லை. தேதி இல்லாத நினைவுக்கு அது முடிந்துபோன விஷயம் என்று தெரியாது. அதனால்தான் பத்து வருடம் கழித்துத் திருவிழாவில் வெடி வெடித்தாலும் ஒருவர் திண்ணைக்குக் கீழே பதுங்குகிறார். அவரைப் பொறுத்தவரை அது நினைவு இல்லை. இப்போது நடப்பது.

இந்த முறையைக் கையாள்பவர்கள் சத்தமும் மணமும் நெஞ்சடிப்புமாகப் பதிந்ததைச் சூடான நினைவு என்றும், இடமும் காலமும் சேர்ந்ததை ஆறிய நினைவு என்றும் பிரிக்கிறார்கள். கயிற்றின் மேல் கல்லை வைத்து, அதற்கு முன் நடந்ததையும் பின் நடந்ததையும் சொல்ல வைக்கும்போது சூடான துண்டுகள் ஆறிய கதையோடு பின்னப்படுகின்றன. எதையும் அழிப்பதில்லை. அன்று அங்கே நடந்தது, நான் இன்று இங்கே இருக்கிறேன் என்பதை உடம்புக்குப் புரிய வைப்பதுதான் வேலை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் ஒரு முகாமில், போரையும் கடலையும் சேர்த்துப் பார்த்துவிட்ட 31 பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பாதிக்கு இந்தக் கதைசொல்லும் சிகிச்சை. மறுபாதிக்குத் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும். இருவருக்கும் ஆறு அமர்வுகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கதை சொன்ன பிள்ளைகளில் 81 சதவீதமும் தியானம் செய்தவர்களில் 71 சதவீதமும் மனவடு நோயிலிருந்து மீண்டிருந்தார்கள்.

இந்த முடிவை அவசரமாக வாசிக்கக் கூடாது. 31 பேரை வைத்து 81 பெரிதா 71 பெரிதா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. எந்தச் சிகிச்சையும் பெறாத மூன்றாவது கூட்டமும் அங்கே இல்லை, ஆகவே காலம் தானாக ஆற்றியது எவ்வளவு என்பதையும் பிரித்தெடுக்க முடியாது. ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கயிறும் கல்லும் இல்லாமல், நடந்ததை வரிசையாகச் சொல்லாமல், மூச்சைக் கவனித்த பிள்ளைகள் எப்படித் தேறினார்கள்?

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இந்த வழியில் வெகுகாலமாக வேலை செய்தவர். போர்க்காலத்தில் வந்தவர்கள் "எனக்கு மனவருத்தம்" என்று வருவதில்லை. நெஞ்சு அடைக்குது, பெருமூச்சாய் வருது, உடம்பெல்லாம் உளையுது என்றுதான் வருவார்கள். உடம்பால் பேசுகிறவர்களுக்கு உடம்பின் வழியே மருந்து. பிராணாயாமம், சாந்தி ஆசனம், அதோடு ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது. இந்துக்களுக்கு ஓம், பௌத்தர்களுக்குப் புத்தம் சரணம், முஸ்லிம்களுக்கு சுபஹானல்லாஹ், கத்தோலிக்கருக்குச் செபமாலை. அவரவர் பாட்டி சொல்லிக் கேட்ட சொல்லையே அவரவருக்குக் கொடுத்தார்.

நோயாளிக்குப் பிடிக்கட்டும் என்று செய்த சமாதானமாக மட்டும் இதை நான் பார்க்கவில்லை. 2001-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரிடம் லத்தீன் செபமாலையையும் ஒரு திபெத்திய மந்திரத்தையும் சொல்லச் சொல்லி மூச்சை அளந்தார்கள். மதம் வேறு, மொழி வேறு. இரண்டும் மூச்சை நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு முறைக்குக் கொண்டுவந்து நிறுத்தின. இந்த ஆறு என்ற எண்ணில்தான் நுட்பம் இருக்கிறது. நம் இரத்த அழுத்தத்துக்குத் தானாகவே சுமார் பத்து விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலை ஒன்று உண்டு. மூச்சும் பத்து விநாடிக்கு ஒன்றானால் இரண்டு அலைகளும் ஒன்றன் மேல் ஒன்று படிகின்றன, ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகிறது, விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு அதைத் தணிக்கிறது. மந்திரத்தில் சொல் வருவது மூச்சை விடும்போதுதான். ஆகவே நீண்ட வரியைச் சொல்லச் சொல்ல, தணிக்கும் நேரம் நீள்கிறது. ஓடு, பதுங்கு என்று கத்திக்கொண்டிருக்கும் மூளைக்கு, ஆபத்து போய்விட்டது என்ற செய்தி உடம்பிலிருந்து மேலே போகிறது.

இதுவும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. கண்ணை மூடி உள்ளே பார்த்தவுடன் அந்த நாளே எழுந்து வருவோர் உண்டு. அவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், நடக்கலாம், வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம். நிறுத்தும் உரிமை தன்னிடம் இருப்பதே பாதி மருந்து. கட்டிப்போடப்பட்டவருக்கு அந்த உரிமைதானே அன்று பறிபோனது?

பேசிக் கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையையும் இதே காரணத்துக்காகச் சந்தேகிக்க வேண்டும். தீக்காயம் பட்டவர்களை விபத்து நடந்த சில நாட்களுக்குள் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைத்த பிரிட்டிஷ் சோதனை ஒன்று 1997-இல் வெளிவந்தது. 13 மாதம் கழித்து, பேச வைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு மனவடு நோய் இருந்தது. பேச வைக்கப்படாதவர்களில் 9 சதவீதம். பேச வைக்கப்பட்டவர்களின் காயம் தொடக்கத்திலேயே சற்று அதிகம்தான். அப்படியிருந்தும் இதையும் மற்ற சோதனைகளையும் தொகுத்துப் பார்த்தபின், அந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். ஒரே தடவையில் கிளறிவிட்டுப் போவதும், ஒவ்வொரு கல்லாக நின்று முன்பின் சேர்த்துக் கடப்பதும் ஒன்றல்ல. சுனாமிக்குப் பின் ஒரு வாரத்துக்கு வந்துபோன நல்லெண்ணக்காரர்கள் பிள்ளைகளிடம் அலையை வரையச் சொன்னதை நினைத்தால் இப்போதும் மனம் பொறுக்கவில்லை.

கயிறும் கல்லும் வருவதற்கு முன்பே நம்மவர்களிடம் இதற்கு ஒரு முறை இருந்தது. செத்த வீட்டில் ஒப்பாரி, எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு, ஆண்டு முடிவில் ஆட்டைத் திவசம். ஒப்பாரி வைப்பவள் இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்லி அழுகிறாள், சுற்றியிருப்பவர்கள் தோளைக் கட்டிக்கொள்கிறார்கள். கதையும் உண்டு, நீண்ட மூச்சும் உண்டு, தேதியும் உண்டு. 2009-இல் முள்ளிவாய்க்காலில் உடலைக்கூடத் தூக்க முடியாமல் விட்டுவந்தவர்களுக்கு இதில் ஒன்றும் வாய்க்கவில்லை. அந்த இழப்பையும் நோய்க்கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

உடல் கிடைக்காதவர்களுக்கு என்ன வழி? 1990-களில் மட்டக்களப்புப் பக்கத்து அம்மன் கோயில்களில், பிடித்துச் செல்லப்பட்ட மகனைப் பற்றிக் கேட்கத் தாய்மார் தெய்வம் ஏறி வாக்குச் சொல்பவர்களிடம் போனதை அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் பதிவு செய்திருக்கிறார். வெளியே கேட்கப் பயந்த கேள்வியை அந்த முற்றத்தில் வாய்விட்டுக் கேட்க முடிந்தது. ஆனால் அந்த வாக்கும் கல்லாக ஓரிடத்தில் உட்காரவில்லை.

கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியில் தொடங்கிய தெருவோரப் போராட்டத்தில் பல தாய்மார் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அவர்களிடம் போய் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கலாம், இரவில் கொஞ்சம் தூக்கம் வரும். கயிற்றை நீட்டி, மகனைக் கூட்டிப்போன நாளுக்கு ஒரு கல்லும் வைக்கலாம். அடுத்த கல் எங்கே என்று அந்தத் தாய் கேட்டால், அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர் இல்லை.